ஆன்லைன் சூப்பர்விஷன்: புதிதாகத் தொழிலுக்கு வந்த உளவியலாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

படிப்பை முடித்து, தனியாக கிளையண்ட் பார்க்க ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் செஷன் நடுவில் எதிரில் இருப்பவர் "நீங்களும் எங்க அம்மா மாதிரியேதான் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். மிச்சம் இருக்கும் இருபது நிமிடத்தை எப்படியோ ஓட்டுகிறீர்கள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொல்ல முடியாது. கூடப் படித்தவர்களிடம் சொன்னால் "விடு, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்பார்கள். இணையத்தில் தேடினால் பத்து உத்தி கிடைக்கும், ஆனால் அந்த ஒரு வாக்கியம் உங்களை ஏன் இப்படி உலுக்கியது என்பதற்கு அங்கே பதில் இல்லை.

இது எனக்கு நடந்தது (விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அப்போது எனக்கு ஆன்லைனில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார், அதாவது நான் பார்க்கும் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டும் ஒரு மூத்த தெரபிஸ்ட், பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் இதை அவரிடம் கொண்டுபோக இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அதுவரை நன்றாகப் போகும் கேஸ்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுபோனேன், அவர் பாராட்டினார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆக, சூப்பர்விஷன் இருந்தும் இல்லாத மாதிரி. எந்த ஆப், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கீழே வருகிறது, ஆனால் இதை எழுத உட்காரும்போது என் மனதில் முன்னால் நின்றது அந்த இரண்டு மாதம்தான்.

முதலில், எது சூப்பர்விஷன்

மேற்பார்வை என்று தமிழில் சொன்னால் வேலை நடக்கும் இடத்தில் கைகட்டி நின்று குறை பார்க்கும் ஆள்தான் கண் முன் வருகிறார், அதனால் சூப்பர்விஷன் என்றே எழுதுகிறேன். இது ஒன்றும் நேற்று முளைத்த ஏற்பாடு இல்லை. 1920-ல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோனும் மற்றவர்களும் ஓர் உளப்பகுப்பாய்வு (ஃப்ராய்டு வழிச் சிகிச்சை) மருத்துவமனையைத் தொடங்கினார்கள், அதைச் சுற்றி உருவான பயிற்சிக்கு மூன்று கால்கள்: தானே சிகிச்சைக்கு உட்படுவது, பாடம் படிப்பது, பார்க்கும் கேஸை ஒரு மூத்தவரிடம் தொடர்ந்து சொல்வது. மூன்றாவதை யார் செய்வது என்று அப்போதே சண்டை. பயிற்சியாளருக்கு யார் சிகிச்சை தருகிறாரோ அவரே முதல் கேஸையும் பார்க்கட்டும் என்றார்கள் புடாபெஸ்ட்காரர்கள், இரண்டும் வேறு வேறு ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்றார்கள் பெர்லின்காரர்கள். இன்று உலகத்தில் பெரும்பாலும் நடப்பது பெர்லின் வழி.

சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை என்று 1980-களில் பிரிஜிட் பிராக்டர் பிரித்துச் சொன்னார். கிளையண்டுக்குத் தீங்கு வராமல், தொழில்நெறி கெடாமல் பார்ப்பது ஒன்று. உங்கள் கைத்திறனை வளர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுக் கனத்துப்போன உங்களை மறுபடி நிமிர வைப்பது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் தொடர்ந்து நடந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நெறி மட்டும் என்றால் அது காவல் நிலையம், திறன் மட்டும் என்றால் டியூஷன், ஆறுதல் மட்டும் என்றால் நண்பர்கள் அரட்டை.

பயிற்சிப் பட்டறைகள் இதற்கு ஈடாகாது, அங்கே யாரும் உங்கள் கிளையண்டைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. வேலை பார்க்கும் இடத்தில் உங்கள் மேலதிகாரியே சூப்பர்வைசராகவும் இருந்தால், அவரிடம் போய் "எனக்கு இந்த கிளையண்டைப் பார்த்தாலே எரிச்சல் வருது" என்று சொல்ல நாக்கு எழாது, ஏனென்றால் சம்பள உயர்வும் அவர் கையில்தான் இருக்கிறது. முடிந்தால் வெளியிலும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கேஸை வெளி ஆளிடம் பேச நிறுவனத்தின் அனுமதி மட்டும் வேண்டும், அதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தனியா, குழுவா

நிறையப் பேர் கட்டணத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். குழு என்றால் மலிவான தனி சூப்பர்விஷன் என்று ஒரு நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

தனி சூப்பர்விஷனில் ஒரே கேஸை வாரக்கணக்கில் பின்தொடரலாம். உங்கள் பழக்கம் அவருக்குப் பிடிபட்டுவிடும், கிளையண்ட் அழுதால் நீங்கள் உடனே உத்திக்குத் தாவுவீர்கள் என்பது மூன்றாம் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். வெட்கமான விஷயத்தைச் சொல்ல இருப்பதிலேயே எளிதான இடமும் அதுதான். குறை என்னவென்றால் அது ஒரே ஒருவருடைய கண். அவருக்குத் தெரியாத பக்கம் உங்களுக்கும் தெரியாமலே போய்விடும், அதோடு இருவரும் ஒருவரையொருவர் மிகவும் பிடித்துப்போய் எதையும் கேள்வி கேட்காத நிலைக்கும் வந்துவிடலாம்.

குழு வேறு மாதிரி. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களை வட்டமாக உட்கார வைத்து அவரவர் நோயாளியைப் பற்றிப் பேச வைத்தார், குறிப்பேட்டைப் பார்க்காமல் வாயிலிருந்து வருவதை அப்படியே சொல்லச் சொன்னார், ஏனென்றால் மருத்துவர் எதை மறக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதும் கேஸின் ஒரு பகுதி என்று அவர் கருதினார். குழுவின் பலம் அங்கேதான் இருக்கிறது: ஐந்து பேர் ஒரே கதையைக் கேட்டு ஐந்து விதமாகக் கலங்குவார்கள். இன்னொரு பலன், அடுத்தவரும் உங்களைப் போலவே திணறுவதை நேரில் பார்ப்பது. முதல் வருடத்தில் "நான்தான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாத ஆள்" என்ற எண்ணத்தைக் கரைக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

முதல் வருடத்துக்கு என் கணக்கு இது: பதினைந்து நாளுக்கு ஒரு தனி மணி நேரம், மாதம் ஒன்றிரண்டு முறை குழு. இரண்டுக்கும் கையில் காசு இல்லை என்றால் முதல் ஆறு மாதம் தனி, அப்புறம் குழு. பிரிட்டனில் உள்ள ஆலோசகர் சங்கமான பிஏசிபி, தன் அங்கீகாரம் பெற்றுத் தொழில் செய்யும் உறுப்பினருக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அனுபவசாலிகளுக்கே அந்த அளவு என்பதால், புதியவர் அதைத் தாண்டியே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

குழுவில் நான்கு முதல் ஆறு பேர். நான் ஒருமுறை பன்னிரண்டு பேர் கொண்ட ஆன்லைன் குழுவில் ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டிச் சேர்ந்தேன், என் கேஸைச் சொல்லக் கிடைத்தது ஒரே ஒரு முறை, மற்ற நாளெல்லாம் கேமராவை அணைத்துவிட்டு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நடத்தியவர் நன்றாகவே பேசினார், ஆனால் அதற்குப் பெயர் விரிவுரை.

ஆளைத் தேடுவது

பெரிய பெயரைத் தேடாதீர்கள். நல்ல தெரபிஸ்ட் எல்லாரும் நல்ல சூப்பர்வைசர் ஆகிவிடுவதில்லை, அது தனிக் கலை, அதற்கென்று பயிற்சி எடுத்தவரா என்று பாருங்கள். முதல் அழைப்பில், அரை மணி நேரம் போதும், இவற்றைக் கேட்டுவிடுங்கள்: சூப்பர்விஷனுக்கென்று என்ன பயிற்சி எடுத்தீர்கள், இப்போதும் கிளையண்ட் பார்க்கிறீர்களா, உங்கள் கேஸ்களை நீங்கள் யாரிடம் கொண்டுபோகிறீர்கள், உங்களிடம் வந்தவர் உங்கள் கருத்தை மறுத்தபோது என்ன நடந்தது?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "அப்படி யாரும் மறுத்ததே இல்லை" என்று சிரித்தால் நான் வேறு ஆளைத் தேடுவேன். கொஞ்சம் யோசித்து, ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதில் தன் பக்கத்துத் தவறையும் சேர்த்துச் சொல்பவர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சிகிச்சை முறையும் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் வருடம் ஒன்றாகவோ பக்கத்துப் பக்கமாகவோ இருந்தால் குழப்பம் குறையும். பின்னால் வேறு முறைக்காரரிடம் போவது கண்ணைத் திறக்கும். மொழியையும் பாருங்கள். கிளையண்ட் தமிழில் சொன்னதை நீங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றி சூப்பர்வைசரிடம் சொன்னால் பாதி உயிர் வழியிலேயே போய்விடுகிறது. "மனசு பாரமா இருக்கு" என்பதை டிப்ரஷன் என்று பெயர்த்த நிமிடமே நீங்கள் ஒரு முடிவு எடுத்துவிட்டீர்கள், அது சரியா என்று யாரும் கேட்கவே இல்லை.

உரிமத்துக்காகவோ பதிவுக்காகவோ மணி நேரக் கணக்கு தேவைப்படுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது: ஆன்லைன் மணி நேரம் செல்லுமா, குழு மணி நேரத்தில் எத்தனை ஏற்பார்கள், சூப்பர்வைசருக்கு என்ன தகுதி வேண்டும், கையெழுத்து எந்தப் படிவத்தில் என்று உங்கள் பதிவு அமைப்பிடமே எழுதிக் கேட்பது. வாய்வார்த்தையை நம்பி நூறு மணி நேரம் முடித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைய வேண்டாம்.

எழுத்தில் ஓர் ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், கட்டணம், ரத்து செய்தால் என்ன என்பவை எல்லாருக்கும் தோன்றிவிடும். மறந்துபோகிறவை வேறு. உங்களைப் பற்றி அவர் யாருக்காவது மதிப்பீடு எழுதித் தரப்போகிறாரா? தரப்போகிறார் என்றால் அதை நீங்கள் முன்கூட்டியே பார்க்க முடியுமா? கேஸில் முடிவெடுக்கும் சட்டப் பொறுப்பு யாருடையது? நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் அதில் பெரும்பங்கு அவர் மேல் விழலாம், உரிமம் பெற்றவராக இருந்தால் அவர் கருத்து வெறும் ஆலோசனை. சந்திப்புக்கு நடுவில் அவசரம் என்றால் கூப்பிடலாமா, எத்தனை மணி வரை, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார்? எந்தச் சூழலில் அவர் ரகசியத்தை மீறி வெளியில் சொல்வார்?

ஆன்லைன் என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. நீங்களும் சூப்பர்வைசரும் கிளையண்டும் மூன்று வேறு வேறு இடங்களில் இருக்கலாம். குழந்தைக்குத் தீங்கு நடப்பது தெரிந்தால் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்பது போன்ற விஷயங்களில் பெரும்பாலும் கிளையண்ட் இருக்கும் இடத்துச் சட்டம்தான் பேசும், அது சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்து வைத்திருக்க வேண்டியது நீங்கள், முதல் சந்திப்பிலேயே அவருக்குச் சொல்லவும் வேண்டும்.

கிளையண்டுக்கும் தெரியப்படுத்த வேண்டும். "உங்களோட பெயரும் அடையாளமும் சொல்லாம, என் வேலை சரியா இருக்கான்னு பார்க்க ஒரு மூத்தவர்கிட்ட பேசுவேன்" என்று முதல் செஷனில் சொன்னால் போதும், பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டு நிம்மதிதான் அடைகிறார்கள். ஆடியோ, வீடியோ பதிவு செய்வதற்கு மட்டும் தனியாக எழுத்தில் ஒப்புதல் வேண்டும்: யார் கேட்பார்கள், எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும், வேண்டாம் என்றால் சிகிச்சை எந்த விதத்திலும் பாதிக்காது என்பது வரை.

அறையும் கருவியும்

கதவு பூட்டப்பட வேண்டும், காதில் ஹெட்ஃபோன் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் பேசினால் கதவுக்கு அந்தப் பக்கம் போகிறவர் காதில் உங்கள் கிளையண்டின் திருமண வாழ்க்கை விழும். காரில் உட்கார்ந்து பேசலாம், நிறுத்திய காரில்.

வீடியோ அழைப்பு குறியாக்கம் செய்யப்பட்டதாக இருக்கட்டும், கூட்டத்துக்குக் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் வையுங்கள். இவையெல்லாம் தெரிந்ததுதான், தவறு நடப்பது வேறு இடத்தில். கூட்டத்தில் தானாக வந்து சேர்ந்து குறிப்பெடுக்கும் ஏஐ உதவியாளரை யாராவது அணைக்க மறந்திருப்பார்கள், அது ஒரு கேஸின் முழு விவரத்தையும் எழுத்தாக்கி எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடும். திரையைப் பகிரும்போது பக்கத்தில் திறந்திருக்கும் கோப்பின் தலைப்பில் கிளையண்டின் பெயர் இருக்கும். போனில் பதிவு செய்த ஆடியோ தானாகவே கிளவுடில் ஏறிவிடும், வீட்டில் அதே கணக்கைப் பயன்படுத்தும் இன்னொருவர் போனிலும் போய் உட்காரும். இதற்கெல்லாம் ஒரே பழக்கம்தான் மருந்து: சூப்பர்விஷனுக்கு என்று தனி ஃபோல்டர், கோப்புகளுக்குப் பெயர் இல்லாத எண், திரை முழுவதையும் பகிராமல் ஒரு விண்டோவை மட்டும் பகிர்வது. குழுவுக்கு என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறை இருக்கும், அதில் நேரம் மாற்றுவது மட்டும் பேசுங்கள், கேஸ் வேண்டாம், ஒரு வரி கூட.

உங்கள் சொந்த முகம் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுங்கள். வீடியோ அழைப்பு ஏன் இவ்வளவு களைப்பாக்குகிறது என்று 2021-ல் ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் எழுதியபோது சொன்ன காரணங்களில் ஒன்று இது, மணிக்கணக்காகக் கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பது போல. சூப்பர்விஷனில் இது இரட்டைத் தொல்லை, ஏனென்றால் நாம் ஏற்கெனவே "நான் எப்படித் தெரிகிறேன்" என்ற பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

கேஸைத் தயார் செய்வது

பதினைந்து பக்க கேஸ் வரலாறு வேண்டாம். ஒரு பக்கம், அதிலும் மேலே ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இல்லாமல் போனால் ஒரு மணி நேரமும் கதை சொல்வதிலேயே கரைந்துவிடும், சூப்பர்வைசரும் தனக்குப் பிடித்த இடத்தில் பேசிக்கொண்டிருப்பார்.

"இந்த கிளையண்டுக்கு எந்தத் தெரபி சரி?" என்பது கேள்வி மாதிரி தெரியும், ஆனால் அதில் நீங்கள் எங்கும் இல்லை. "மூன்று செஷனாக அவர் தூக்கமின்மையைப் பற்றியே பேசுகிறார், நான் வேலை போனதைப் பற்றிக் கேட்க நினைத்து ஒவ்வொரு முறையும் கேட்காமல் விடுகிறேன், எது என்னைத் தடுக்கிறது?" என்றால் அதில் வேலை செய்ய இடம் இருக்கிறது. கேள்வி கிடைக்கவில்லை என்றால் வாரத்தின் கேஸ் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள், எந்தப் பெயரில் கண் நிற்காமல் வேகமாகத் தாண்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இது நான் கண்டுபிடித்த குறுக்குவழி, இதுவரை ஏமாற்றியதில்லை.

அடையாளத்தை மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர், ஊர், தொழில், உடன்பிறந்தவர் எண்ணிக்கை போன்றவற்றை மாற்றலாம், ஆனால் கேஸின் முடிச்சு எதில் இருக்கிறதோ அதை மாற்றினால் பேச்சே வேறு பக்கம் போய்விடும். குழுவில் கூடுதல் கவனம். தொடங்கும்போதே "யாருக்காவது இவரைத் தெரியும் என்று தோன்றினால் உடனே நிறுத்துங்கள், காரணம் சொல்ல வேண்டாம், வெளியே போய்விடலாம்" என்று ஒரு விதி வையுங்கள். ஆன்லைன் குழுவில் எல்லாரும் வெவ்வேறு ஊர்தானே என்று அசட்டையாக இருப்போம், உலகம் அவ்வளவு பெரிதில்லை.

முடிந்தால் பதிவைக் கொண்டுபோங்கள். 1940-களின் தொடக்கத்திலேயே கார்ல் ராஜர்ஸ் ஒஹாயோவில் இசைத்தட்டுகளில் செஷன்களைப் பதிவு செய்து மாணவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார், கேட்டவர்கள் தாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகமாக கிளையண்டை இழுத்துக்கொண்டு போவதைக் கண்டு திகைத்தார்கள். நினைவிலிருந்து சொல்லும்போது நாம் எல்லாரும் கொஞ்சம் பூசி மெழுகத்தான் செய்கிறோம், தெரிந்தே பொய் சொல்வதில்லை, மனம் தானாகவே திருத்திக்கொள்கிறது. ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போன ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தனி மணி நேரத்துக்குள்

என் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து, அந்த "எங்க அம்மா மாதிரி" செஷனின் பதிவை ஒருவழியாகப் போட்டேன். சூப்பர்வைசர் ஒரே ஒரு விதி சொன்னார்: எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே நீங்களே நிறுத்துங்கள். 1960-களில் மிச்சிகனில் நார்மன் ககன் உருவாக்கிய முறை இது, நிறுத்தும் பொத்தான் கற்பவர் கையில்தான் இருக்கும், கேட்பவர் "அப்போ உங்களுக்குள்ள என்ன ஓடுச்சு?" என்ற வகைக் கேள்வி தவிர வேறொன்றும் கேட்க மாட்டார்.

பதிவில் கிளையண்ட் தன் அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போன் செய்வதைச் சொல்கிறார், குரல் மெல்ல உயர்கிறது. நான் சொல்கிறேன்: "அவங்களுக்கு உங்க மேல இருக்கிற அக்கறையில…" அதற்குப் பிறகு மௌனம். எண்ணினோம், ஆறு விநாடி. அப்புறம் என் குரலே மறுபடி, முன்னைவிட வேகமாக, அக்கறை என்பதை இன்னும் விளக்கி. அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம் வருகிறது. நான் நிறுத்தினேன்.

"அந்த ஆறு விநாடியில உங்க உடம்புல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். கழுத்தில் சூடேறியது நினைவுக்கு வந்தது. கிளையண்ட் என் மேல் கோபப்பட்டுவிடுவாரோ என்று பயந்து, யாரும் கேட்காமலே அவருடைய அம்மாவுக்கு வக்கீலாகிவிட்டேன். அதைச் சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது, சூப்பர்வைசர் நடுவில் ஒரு உத்தியும் சொல்லவில்லை.

நல்ல சூப்பர்வைசர் மூன்று தொப்பியை மாற்றி மாற்றிப் போடுவார், 1979-ல் ஜேனின் பெர்னார்ட் இதைத்தான் ஆசிரியர், ஆலோசகர், கூடி யோசிக்கும் சக தொழிலர் என்று வகுத்தார். அன்று அவர் முக்கால் மணி நேரம் இரண்டாவது தொப்பியில் இருந்தார், ஆனால் என் சொந்தக் கதை விரியத் தொடங்கியதும் "இது உங்க தெரபிஸ்ட்கிட்ட கொண்டுபோக வேண்டியது, இங்க அந்த கிளையண்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும்" என்று வேலியைப் போட்டார். பெர்லின்காரர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் என்று எனக்கு அன்று புரிந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்றாவது தொப்பி: இருவரும் சேர்ந்து அந்த கிளையண்டுக்கு இரண்டு வரிச் செய்தி எழுதினோம், அன்று நான் பேசியது உங்களைத் தள்ளிவிட்டது போல இருந்திருக்கலாம், வந்து பேச விருப்பம் இருந்தால் நேரம் இருக்கிறது என்று. அவர் பதில் போடவில்லை. இரண்டு வாரத்தில் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நாள் நினைப்பேன்.

குழுவுக்குள்

ஐந்து பேர், தொண்ணூறு நிமிடம், இரண்டு கேஸ். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பத்துப் பத்து நிமிடம் போக, ஒரு கேஸுக்கு முப்பத்தைந்து. அதை நான் இப்படிப் பிரிக்கிறேன்: எட்டு நிமிடம் கேஸ் கொண்டுவந்தவர் குறுக்கீடு இல்லாமல் சொல்வது, ஐந்து நிமிடம் தகவல் கேள்வி மட்டும் ("ஏன் இப்படிச் செய்யலை?" என்பது தகவல் கேள்வி கிடையாது, அறிவுரைக்குப் போட்ட முகமூடி), பதினைந்து நிமிடம் மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவது, ஏழு நிமிடம் கொண்டுவந்தவர் திரும்பி வந்து எது தைத்தது என்று சொல்வது.

அந்தப் பதினைந்து நிமிடம் கொண்டுவந்தவர் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட வேண்டும். நார்வேயின் டிரோம்ஸோவில் 1985-ல் குடும்ப சிகிச்சையாளர் டாம் ஆண்டர்சன், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த குழுவின் அறையில் விளக்கைப் போட்டு, குடும்பம் உட்கார்ந்திருந்த அறையில் விளக்கை அணைத்து, குழு பேசுவதைக் குடும்பத்தைக் கேட்க வைத்தார். ஆன்லைனில் அந்த விளக்கு ஒரு பொத்தானில் இருக்கிறது. தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாததால் காது நன்றாகத் திறக்கிறது, நேரில் சந்திக்கும் குழுவில் கூட இவ்வளவு சுலபமாக இது அமைவதில்லை.

ஒரு நாள் எங்கள் குழுவில் ஒருவர் எட்டு நிமிடம் என்பதை மறந்து பதினேழு நிமிடம் பேசினார், ஓயாமல் பேசும் ஒரு கிளையண்டைப் பற்றி. யாரும் நிறுத்தவில்லை. ஒருவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டார், இன்னொருவர் மைக்கைத் திறந்து திறந்து மூடினார். குழு நடத்துபவர் கடைசியில் "இப்போ நம்ம எல்லாருக்கும் என்ன ஆச்சு?" என்றார். "மூச்சு விட இடமில்லாத மாதிரி இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னதும், பேசியவர் சட்டென்று சிரித்துவிட்டார், "நானும் அவர் முன்னாடி அப்படித்தான் உட்கார்ந்திருக்கேன்." செஷனில் நடப்பது சூப்பர்விஷனில் வேஷம் மாறி மறுபடி நடப்பதை 1955-லேயே ஹெரால்ட் சியர்ல்ஸ் கவனித்து எழுதினார். படித்தபோது எனக்கு அது கொஞ்சம் மாயமந்திரம் போலத்தான் பட்டது, அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஆன்லைன் குழுவுக்கென்றே சில கட்டுப்பாடுகள் வேண்டும். இருவர் மட்டும் ரகசியமாக எழுதிக்கொள்ளும் சாட் கூடாது, அது வகுப்பில் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது போல. மௌனம் வந்தால் இணைப்பு உறைந்துவிட்டதோ என்று எல்லாரும் பதறிப் பேசிவிடுவார்கள், அதனால் "யோசிக்கிறேன்" என்பதற்கு ஒரு கைச்சைகை வைத்துக்கொள்ளுங்கள். யார் கேஸ் கொண்டுவருவது என்பதற்கு முறை வையுங்கள், இல்லாவிட்டால் வாய் உள்ளவர் பிழைத்துக்கொள்வார், அமைதியானவர் ஆறு மாதம் பார்வையாளராகவே இருப்பார்.

மென்று விழுங்கும் விஷயங்கள்

1996-ல் நிக்கோலஸ் லடானியும் உடன் பணியாற்றியவர்களும் பயிற்சியில் இருக்கும் தெரபிஸ்டுகளிடம் சூப்பர்வைசரிடம் எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே எதையோ மறைத்திருந்தார்கள். அதிகம் மறைக்கப்பட்டது கிளையண்ட் விஷயம் கூட இல்லை, சூப்பர்வைசர் மேலேயே இருந்த அதிருப்தி. ஆக நான் இரண்டு மாதம் செய்தது தனிப்பட்ட கோழைத்தனம் ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்வதுதான், அதனால்தான் அதற்கு ஏற்பாடு தேவைப்படுகிறது.

என் ஏற்பாடு இது. ஒவ்வொரு சந்திப்பும் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சூப்பர்வைசரோ நானோ ஒரு கேள்வியைக் கேட்போம்: "இன்னைக்கு எதைக் கொண்டுவராம விட்டோம்?" விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை, "ஒண்ணு இருக்கு, இன்னும் சொல்ல முடியலை" என்றாலும் சரி. பாதி நேரம் அதற்கு அடுத்த முறை அது தானாக வந்துவிடுகிறது. கிளையண்ட் மேல் ஈர்ப்பு, வெறுப்பு, செஷனில் தூக்கம் வந்தது, கட்டணம் கேட்கக் கூசியது, நேரம் தாண்டி அரை மணி நேரம் கொடுத்தது, தனிப்பட்ட எண்ணிலிருந்து செய்தி அனுப்பியது, இந்த வகையறாதான் பெரும்பாலும். இவற்றைச் சொல்லும் அன்று சூப்பர்வைசர் முகம் சுளித்தால் அதையும் பேசுங்கள்.

திரையில் மறைப்பது நேரில் மறைப்பதைவிட எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கை நடுங்குவது தெரியாது, கால் ஆடுவது தெரியாது, தோளுக்கு மேலே எல்லாம் அமைதி. அதனால் ஆன்லைனில் உடம்பில் நடப்பதை வாயால் சொல்லப் பழக வேண்டும்: "இதைச் சொல்லும்போது வயிறு இறுகுது." முதலில் செயற்கையாக இருக்கும்.

அவசரம்

கிளையண்டின் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அடுத்த சூப்பர்விஷன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் கிளையண்டின் பாதுகாப்பு, அவர் இருக்கும் இடத்து அவசர உதவி எண், அவர் கொடுத்த நெருங்கியவரின் எண், அதன் பிறகு சூப்பர்வைசர். ஆன்லைனில் கிளையண்ட் பார்ப்பவர்கள் ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன், யாரிடம் கேட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று அன்றே எழுதிவிடுங்கள். குழுவில் எழுதிக் கருத்துக் கேட்பது இந்த நேரத்தில் உதவாது, ஐந்து பேர் ஐந்து திசை சொல்வார்கள்.

முடிந்த பிறகு

சந்திப்பு முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்குத் தாவாமல் பத்து நிமிடம் திரையை மூடி உட்காருங்கள். மூன்று வரி எழுதினால் போதும்: எதைக் கொண்டுபோனேன், எது தைத்தது, அடுத்த செஷனில் எதை மாற்றிப் பார்ப்பேன். தேதியும் மணி நேரமும் தனிப் பட்டியலில். கிளையண்டின் கோப்பில் சூப்பர்விஷனில் எடுத்த முடிவை மட்டும் எழுதுங்கள், உங்கள் கழுத்து சூடானதெல்லாம் அங்கே வேண்டாம். கோப்பை ஒரு நாள் கிளையண்டே கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் எதுவும் கொண்டுபோகாமல், சூப்பர்விஷனைப் பற்றியே பேச ஒரு சந்திப்பை ஒதுக்குங்கள். எது உதவுகிறது, எது உதவவில்லை, நான் எதில் வளர்ந்திருக்கிறேன், நீங்கள் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். சூப்பர்வைசர் உங்களைச் சிறுமைப்படுத்துகிறார், நேரத்தைத் தன் கதைக்குப் பயன்படுத்துகிறார், எல்லை மீறுகிறார் என்றால் ஒருமுறை நேராகச் சொல்லிப் பாருங்கள். எல்லை மீறல் பெரிதாக இருந்தால் அந்த ஒருமுறையும் தேவையில்லை, வெளியேறிவிட்டு அவருடைய தொழில் அமைப்பிடம் எழுதுங்கள்.

சாதாரணமாக விலகும்போதும் திடீரென்று மறைந்துவிடாதீர்கள். கடைசியாக ஒரு சந்திப்பு வையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் கேஸ்களில் ஆபத்து உள்ளவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள், மணி நேரக் கணக்கில் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள் (ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் துரத்துவது பெரும் கொடுமை), பகிர்ந்த பதிவுகளை இருவரும் அழித்துவிட்டோம் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் என் முதல் சூப்பர்வைசரிடமிருந்து விலகிய அன்று அவர் வழக்கம்போல அந்தக் கடைசிப் பத்து நிமிடக் கேள்வியைக் கேட்டார். ஒன்று இருந்தது, அவரைப் பற்றியது. சொல்லிவிட்டுத்தான் திரையை மூடினேன்.